மூச்சு விடும்போது வலித்தால்

சத்தியமாக அந்தச் சொல்லைத் தவசிலிங்கம் ஒட்டவில்லை. கமிட்டிக்காரர்கள் வந்து உட்காரப்போகும் ஐந்து நாற்காலிகளுக்கும் எதிரே, நூலகச் சுவரில், ப்ரொஜெக்டர் வெளிச்சத்தில் இருநூற்றுச் சொச்சம் சொற்கள் பெரிதும் சிறிதுமாகப் பரவிக் கிடந்தன. எல்லாவற்றையும்விடப் பெரிதாக, நட்டநடுவில், ‘போட்டித்தேர்வு’ என்ற சொல்லைத் தோளால் இடித்துத் தள்ளிவிட்டு நின்றது அது. மூச்சு-விடும்போது-வலித்தால். என்ன கருமம் இது, நேற்று வரைக்கும் போட்டித்தேர்வுதானே பெரிசு, இல்லை, நேற்று இந்தப் பக்கத்தைத் திறக்கவே இல்லை, ஒரு மாசமாகவே திறக்கவில்லை, ஃபைல் ஃபைல் என்று ஃபைலிலேயே செத்துக்கொண்டிருந்தான். மணி பத்து இருபத்தைந்து. பதினொரு மணிக்குக் கமிட்டி. கல்லூரிக்குத் தரச்சான்று தருவதா வேண்டாமா என்று பார்க்க வருகிற கூட்டம். பிரின்சிபால் நேற்று மட்டும் இரண்டு தடவை கூப்பிட்டு, லைப்ரரிதான்யா நம்ம மானத்தைக் காப்பாத்தணும் என்று சொல்லியிருந்தார். நூலகத்தில் காட்டுவதற்கு வேறு என்ன இருக்கிறது, கரையான் தின்ற பொருளாதாரமா, இந்தச் ‘சேகரம்’ ஒன்றுதான். ஆறு வருஷமாக அவன் பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்த வலைத்தளம். இணையத்தில் உருப்படியான பக்கம் ஒன்றைப் பார்த்தால் மாணவனோ வாத்தியாரோ அந்த லிங்கை இதில் சேர்த்துவைக்க வேண்டும், பின்னால் தேடி எடுக்கத் தோதாக அதன்மேல் இரண்டு மூன்று டேக் ஒட்டவேண்டும், அதை மற்றவர்கள் பார்த்துத் தங்கள் பட்டியலிலும் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எந்த டேக்கை நிறையப் பேர் வைத்திருக்கிறார்களோ அது இந்தச் சுவரில் பெருத்துக்கொண்டே போகும். அவ்வளவுதான் சமாச்சாரம். அதில் போய் மூச்சு விடும்போது வலித்தால். விளையாட்டுத்துறைப் பயல்கள் எவனாவது ஒட்டியிருப்பான். ஆஸ்துமா கீஸ்துமாவாக இருக்கும். எதற்கும் பார்த்துவிடுவோம் என்று மவுஸை அதன்மேல் வைத்து அமுக்கினான்.

விலா எலும்பு. விரிசலா முறிவா என்று வீட்டிலேயே எப்படித் தெரிந்துகொள்வது, எந்தப் பக்கம் சாய்ந்து படுப்பது, இருமல் வந்தால் தலையணையை எப்படி அணைத்துப் பிடிப்பது, எந்த அறிகுறி வந்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போவது. ஏதோ மருத்துவப் பக்கம், நல்ல தமிழில் இருந்தது. சேமித்தவர்கள் அறுபத்து மூன்று பேர். முதலில் சேமித்தவர், மங்கை.த. தேதி, போன வருஷம் ஆகஸ்ட் ஒன்பது. மங்கை.த என்பதை அவன் ஒரு தடவை படித்தான், அப்புறம் யாரோ ஒரு மாணவியின் பெயரைப் படிப்பதுபோல இன்னொரு தடவை படித்தான். மங்கை, த. மங்களேஸ்வரி, தவசிலிங்கம். அந்தப் பெயரை அவனே அல்லவா வைத்துக்கொடுத்தான், ஊழியர் குடும்பத்தாரும் உறுப்பினர் ஆகலாம் என்று விதியைப் போட்டவனும் அவன்தான். இரண்டு வருஷம் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை, கறி எடுத்த நாள், அவன் நல்லபடியாக இருந்த நாள், அவனுக்கும் நல்லபடியான நாள் உண்டு, இல்லை என்று எவனும் சொல்லிவிட முடியாது. பிள்ளை இன்பாவுக்குப் பாடத்துக்கு வேண்டியதை எல்லாம் சேர்த்துவைக்க வழி இருக்கா என்று பொண்டாட்டி கேட்டாள். அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, மூன்று பேட்ச் மாணவர்களுக்குச் சொன்ன அதே பாடத்தை அவளுக்கும் சொன்னான்.

“டேக்குன்னா புத்தகத்துக்குப் பேரு வைக்கிறது இல்ல மங்கை. தேடி வர்றவன் எந்த நேரத்துல வருவான்னு யோசி. அந்த நேரத்துக்குப் பேரு வை.”

உடனே பிடித்துக்கொண்டாள். சாம்பாரில்-உப்பு-கூடினால் என்று ஒட்டினாள். அவன் விழுந்து விழுந்து சிரித்தான், மறுநாள் வகுப்பில் அதை உதாரணமாகச் சொன்னான், பையன்கள் சிரித்தார்கள், இந்தப் பிலோமினாகூடச் சிரித்தாள். உதவி நூலகர் பிலோமினா இப்போது வாசல் பக்கத்து மேசையில் தண்ணீர் பாட்டில்களின் ஈரத்தை ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. சரி, ஆகஸ்ட் ஒன்பது. ஆகஸ்ட் ஒன்பது என்ன நடந்தது. எவ்வளவு குடைந்தாலும் ஒன்றும் வரவில்லை. அவனிடம் தேதி கிடையாது. அடித்தவனிடம் ஏது தேதி, அடி வாங்கினவளிடம்தான் இருக்கும். ஆடி மாசம். தயிர் விஷயமா, இல்லை, தயிர் பொங்கலுக்கு. சார்ஜர் வயர் தீபாவளிக்கு முன்னாடி. அப்படியானால் அவள் அண்ணன் போன் செய்த அன்றைக்கா. ஆமாம். தூத்துக்குடியிலிருந்து அண்ணன்காரன், அடுப்படியில் நின்றுகொண்டு போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு சிரித்தாள், இருபது நிமிஷம், தண்ணி கொண்டா என்று இரண்டு தடவை கேட்டாயிற்று, சிரிப்பு நிற்கவில்லை. அந்தச் சிரிப்பு, அவனிடம் ஒரு நாளும் சிரிக்காத சிரிப்பு. ஒரே ஒரு உதை. கணக்காக ஒன்று. அவள் சிலிண்டர்மேல் போய் விழுந்தாள், அப்பளம் நொறுங்குகிற மாதிரி சின்னதாக ஒரு சத்தம் கேட்டது, கீழே விழுந்தது டம்ளரோ கிண்ணமோ என்றுதான் அவன் தேடினான். டம்ளர் ஒன்றும் உடையவில்லை. நாலு ராத்திரி சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே தூங்கினாள், நடிக்கிறாள் என்று நினைத்தான், அவளிடமே சொன்னான், நடிக்காதடி என்று. உட்கார்ந்தே தூங்கலாம் என்று அந்தப் பக்கத்தில் நாலாவது வரியில் போட்டிருந்தது.

அவள் பெயரின்மேல் அமுக்கினான். அமுக்காமல் இருந்திருக்கலாம். மொத்தப் பட்டியலும் சுவரில் விழுந்ததும் முதலில் ப்ரொஜெக்டரை அணைத்தான், அணைத்த பிறகு கம்ப்யூட்டர் திரையிலும் அதே பட்டியல் இருந்தது. காதில்-இரைச்சல்-நிற்காவிட்டால், ஜனவரி பதினேழு, இதுதான் தயிர், புளித்த தயிர், செவிட்டில் ஒன்று, கம்மல் தெறித்துப் போய்ச் சாமி படத்துக்குக் கீழே கிடந்தது. பல்-ஆடினால். கழுத்தில்-விரல்-தடம்-இருந்தால். அதற்குள் நாலு லிங்க், எத்தனை நாளில் மறையும், உயர்கழுத்து ரவிக்கை தைப்பது எப்படி. தையல் லிங்கைப் போய் இதற்குள் வைத்திருக்கிறாளே என்று நூலகர் மூளை ஒரு விநாடி ஆட்சேபித்தது, அடுத்த விநாடியே, இல்லை, சரியான இடத்தில்தான் வைத்திருக்கிறாள் என்று ஒப்புக்கொண்டது. பிள்ளை-பார்த்துவிட்டால். எப்போது பார்த்தது இன்பா, கதவைச் சாத்திவிட்டுத்தானே, எப்போதும் கதவைச் சாத்திவிட்டுத்தானே செய்தான், டிவி சத்தத்தைக்கூடக் கூட்டிவைத்துவிட்டுத்தான். பக்கத்து வீட்டுக்காரர் இன்றைக்கும் அவனைச் சார் சார் என்றுதான் கூப்பிடுகிறார். இந்த ஊரில் ஒருத்தன் முன்னால் அவன் பொண்டாட்டிமேல் விரல் பட்டது கிடையாது. வீட்டுக்குள் நடப்பது வீட்டோடு என்று இருக்கிற மனுஷன்.

மன்னிப்பு-கேட்கும்போது. அதில்தான் அவனுக்கு நிஜமாக வலித்தது. விலாவைப் பார்த்து வராத வலி, பல்லைப் பார்த்து வராத வலி, இதைப் பார்த்ததும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்தது. ஏனென்றால் அவன் அழுதது பொய் இல்லை. தரையில் உட்கார்ந்து அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான், மூக்கு ஒழுக அழுதான், நான் மிருகம் மங்கை, என்னை மன்னிச்சிரு என்று சொல்லிச் சொல்லி அழுதான், மறுநாள் முழுசாக இரண்டு முழம் மல்லிகைப்பூவும் அல்வாவும் வாங்கிக்கொண்டு போனான். அவள் அவன் தலையைக்கூடத் தடவிக்கொடுத்தாள். தடவிக்கொடுத்துவிட்டு, அவன் தூங்கினதும், போய் ஒரு லிங்கைத் தேடி எடுத்து அதன்மேல் டேக் ஒட்டியிருக்கிறாள். அடித்த பிறகு அழுகிறவர்கள் மறுபடியும் அடிப்பதற்கு எத்தனை நாள் ஆகும் என்று எவளோ படம் போட்டு, அம்புக்குறி போட்டு விளக்கியிருக்கிற பக்கம். வட்டமாக ஒரு படம். அந்த வட்டத்துக்குள் அவன் அழுகையும் ஒரு கட்டம். தேவடியா, என்று வாய் அசைந்தது, சத்தம் வரவில்லை. நான் அழுததை எடுத்து ஃபைல் போட்டிருக்கிறாள். கை முறுக்கிக்கொண்டது, மேசைக்கு அடியில் தானாக மூடிக்கொண்டது, இப்போது அவள் எதிரில் இருந்தால் என்று நினைத்தபோதே காது சூடாகி, அந்தப் பழைய வேகம், அது வருகிறபோது இருக்கிற ஒரு சுகம், ஆமாம் சுகம்தான், யாரிடமும் சொல்ல முடியாத சுகம், முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் இறங்கியது.

ஆனால் இது எப்படி வெளியே வந்தது. அவள் கூமுட்டை இல்லையே. சேர்க்கிற எல்லாவற்றுக்கும் ‘எனக்கு மட்டும்’ என்று ஒரு கட்டத்தில் டிக் போடலாம், போட்டால் வேறு யார் கண்ணுக்கும் தெரியாது, அதையும் அவன்தான் சொல்லிக்கொடுத்தான், அவள் நிச்சயம் டிக் போட்டிருப்பாள். யோசனை அங்கே போய் நின்றது, நகர மறுத்தது. போன மாசம் பத்தாம் தேதி. கமிட்டிக்கு எண்ணிக்கை காட்ட வேண்டியிருந்தது. பொதுவில் இருப்பதை மட்டும்தான் தளம் எண்ணும், பொதுவில் ஒன்பதாயிரம்தான் இருந்தது, எனக்கு மட்டும் என்று ஆளாளுக்குப் பதுக்கிவைத்தது ஐயாயிரம். என்ன பெரிய ராணுவ ரகசியமா என்று நினைத்தான். நிர்வாகி பக்கத்துக்குப் போய், எல்லா உறுப்பினர்களுடைய எல்லா டிக்கையும், இனிமேல் போடப்போவதையும் சேர்த்து, ஒரே அமுக்கில் எடுத்துவிட்டான். யாரையும் கேட்கவில்லை. பதினாலாயிரத்துச் சொச்சம் என்று வந்ததும் பிலோமினாவிடம் திரும்பி, பாத்தீங்களா, ஒரு நிமிஷ வேலை என்று சொன்னதுகூட ஞாபகம் இருக்கிறது. அவனே திறந்துவிட்டிருக்கிறான். தன் வீட்டுக் கதவைத் தானே கழற்றி எடுத்துத் தெருவில் சாத்திவைத்துவிட்டு, கமிட்டி கமிட்டி என்று அலைந்திருக்கிறான், ஒரு மாசமாக. அறுபத்து மூன்று பேர் அந்த வழியாக வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்கள். பார்த்துவிட்டுப் போனால்கூடப் பரவாயில்லை, எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். பெயர்களை இறக்கிப் பார்த்தான். மூன்றாம் வருஷம் வேதியியல், இரண்டாம் வருஷம் பி.காம் நாலு பேர், ஹாஸ்டல் வார்டன், தாவரவியல் துறை மேடம், அந்த மேடம் கார் ஓட்டிக்கொண்டு வருகிற மேடம், அலுவலக டைப்பிஸ்ட். எதற்கு இவர்களுக்கெல்லாம் விலா எலும்பு. பிலோமினா. அவள் ஒன்றை எடுக்கவில்லை, மங்கையின் பட்டியலில் இருந்த எல்லாவற்றையும் எடுத்திருக்கிறாள். பிலோமினா புருஷன் தினமும் சாயங்காலம் வாசலில் பைக்கோடு நின்று, வணக்கம் சார் என்று சிரிக்கிற ஆள், தங்கமான மனுஷன். அவளுக்கு எதற்கு.

தெரியும். அத்தனை பேருக்கும் தெரியும். மங்கை.த யார் என்று டேக்கைப் பார்த்தாலே இந்தக் கல்லூரியில் கண்டுபிடித்துவிடுவார்கள், சாம்பார் டேக்கை வகுப்பில் சொல்லிச் சிரிக்கவைத்தவன் அவன்தானே. அதனால்தான் கேன்டீனில் அவன் போனதும் பேச்சு நின்றது. அதனால்தான் டைப்பிஸ்ட் சம்பளச் சீட்டைக் கையில் தராமல் மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். நாற்பத்தாறு வயசில், பதினெட்டு வருஷ சர்வீஸில், சார் சார் என்று கேட்டது எல்லாம் ஒரு மாசமாகப் பொய்யா. பட்டியலின் உச்சிக்கு ஏன் போனான் என்று அவனுக்கே தெரியாது, விரல் போயிற்று. கிளம்பும்-நாளில். இன்று காலை எட்டு ஐம்பத்திரண்டு. நாலு லிங்க். பஸ் நேரப் பட்டியல். பழைய சிம்மை எப்போது கழற்ற வேண்டும். எட்டாம் வகுப்பு நடுவில் டி.சி. இல்லாமல் வேறு பள்ளியில் சேர்க்க முடியுமா. கையில் எடுத்துப்போக வேண்டியவை, ஆதார், ரேஷன் கார்டு, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், டாக்டர் சீட்டு எல்லாவற்றின் நகல். எட்டு நாற்பதுக்குத்தான் அவன் வீட்டைவிட்டு வந்தான். வாசல் வரைக்கும் வந்து, இன்னிக்கு எத்தனை மணி ஆகும் என்று கேட்டாள். கமிட்டிடி, சாயங்காலம் ஆறு ஆகும் என்றான். என்ன அக்கறை என்று அவன் மனசுக்குள் சந்தோஷப்பட்டதை நினைத்தால் இப்போது யாராவது செருப்பால் அடித்தால் தேவலை. பாவி, அவளுக்கு இது எல்லாருக்கும் தெரிகிறது என்றே தெரியாது, எனக்கு மட்டும் என்று நம்பி எழுதியிருக்கிறாள். அவனுக்கும் சேர்த்து எழுதியிருக்கிறாள்.

போன் போட்டான். அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது. மறுபடியும் போட்டான். பள்ளிக்கூடத்துக்குப் போட்டான், ஆபீஸ் பையன் இல்லை, கிளார்க்கம்மாவே எடுத்தார், இன்பாவோட அம்மா ஒன்பதரைக்கே வந்து கூட்டிட்டுப் போயிட்டாங்களே சார், சொந்தத்துல ஒரு துக்கம்னு சொன்னாங்க, உங்களுக்குத் தெரியாதா என்றார். தெரியும், தெரியும் என்றான். பத்து நாற்பத்திமூன்று. பைக்கை எடுத்தால் அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எட்டே நிமிஷம். தூத்துக்குடி பஸ் பதினொன்று ஐந்துக்கு, அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது, அவளே எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அங்கே போய் ஒன்றும் செய்யமாட்டான். பஸ்ஸில் ஏறி, எல்லார் எதிரிலும் சிரித்தபடி, பையைக் கையிலிருந்து வாங்கி, வாம்மா, வீட்டுக்குப் போவோம், எல்லாம் பேசிக்கலாம் என்று மெதுவாகச் சொல்லுவான். பிள்ளையை நடுவில் உட்காரவைத்து ஓட்டிக்கொண்டு வருவான். வந்து, கதவைச் சாத்தி, டிவியைப் போட்டு. அதற்கு அப்புறம் வந்தது எதையும் அவன் யோசிக்கவில்லை, அது தானே வந்தது, கூந்தலைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றி அம்மிக்கல் முனைக்கு நேராக, ஒவ்வொரு டேக்கையும் சத்தமாகச் சொல்லிச் சொல்லி, இதுக்கு என்ன பேரு வைப்ப, இதுக்கு என்ன பேரு வைப்ப, அவள் வாயிலிருந்து வரும் சிவப்பு, பக்கத்தில் இன்பாவின் யூனிஃபார்ம், இன்பா எதற்கு இங்கே நிற்கிறது, போ, உள்ளே போ, இன்பா போகாமல் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது. உடம்பு முழுக்க வியர்த்துப்போய் எழுந்தான். பைக் சாவியை எடுத்தான். அப்போது பிரின்சிபால் கூப்பிட்டார். கமிட்டி சீக்கிரமே வந்துட்டாங்கய்யா, கேட்டுல கார் நுழைஞ்சாச்சு, நேரா லைப்ரரிதான், திரையைப் போட்டு வை. சார், ஒரு பத்து நிமிஷம் என்று ஆரம்பிப்பதற்குள் வைத்துவிட்டார்.

உட்கார்ந்தான். போக முடியாது. போனால் பதினெட்டு வருஷம் போச்சு, போகாவிட்டால் அவள் போச்சு. இரண்டையும் இரண்டு கையில் தூக்கிக்கொண்டு ஒரு விநாடி அப்படியே இருந்தான், அப்புறம் மானம்தான் கனத்தது. சரி, அவளை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், தூத்துக்குடி என்ன அமெரிக்காவா, முதலில் இதை அழிக்க வேண்டும். நிர்வாகி பக்கம். உறுப்பினர்கள். மங்கை.த. உறுப்பினரை நீக்கு. நிச்சயமாக நீக்கலாமா என்று கேட்டது, அவரது எல்லாச் சேமிப்புகளும் அழிந்துவிடும் என்று எச்சரித்தது, அழியட்டும், அழியட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அமுக்கினான். பத்து ஐம்பத்தொன்று. கழுத்தை நெரித்து முடித்த மாதிரி கை இரண்டையும் உதறிக்கொண்டான். முகப்புக்குத் திரும்பிவந்து ப்ரொஜெக்டரைப் போட்டான். சுவரில் சொற்கள் வந்தன. மூச்சு-விடும்போது-வலித்தால் அதே இடத்தில், அதே பருமனில் இருந்தது. புதுப்பித்துப் பார்த்தான். அப்படியே இருந்தது. அறுபத்து மூன்று அறுபத்திரண்டு ஆகியிருக்கிறது, அவ்வளவுதான், அது கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசமா. ஒருவர் போனாலும் அவரிடமிருந்து மற்றவர்கள் எடுத்தது போகக்கூடாது என்று, மாணவர்கள் படித்து முடித்து வெளியே போனாலும் சேகரம் குறையக்கூடாது என்று, அவன்தான் ஆறு வருஷத்துக்கு முன்னால் யோசித்து யோசித்து அப்படி அமைத்திருந்தான். அறுபத்திரண்டு பேரையும் நீக்கவேண்டும். ஒவ்வொருவராக. வேதியியல், பி.காம், வார்டன். மூன்றாவது பெயரில் இருக்கும்போது கதவு திறந்தது.

ஐந்து பேர், பின்னால் பிரின்சிபால். தலைவி கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா, கிராப்பு வெட்டின நரைத் தலை, வந்ததும் சுவரைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். தவசிலிங்கம் பேசினான். ஆறு மாசமாகக் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்தது, வாய் அதுபாட்டுக்குப் பேசியது, பதினாலாயிரம் என்றது, பங்கேற்பு என்றது, மாணவர்களே உருவாக்கும் அறிவு என்றது. மனசு பஸ் ஸ்டாண்டில் இருந்தது. பதினொன்று இரண்டு. பதினொன்று நாலு. அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். அந்தப் பெரிய வார்த்தையைத் திறங்க, நான் இத்தனை காலேஜ் பார்த்திருக்கேன், பரீட்சை, வேலைவாய்ப்பு இதைத் தவிர வேற எதுவும் பெருசா இருந்து பார்த்ததில்ல என்றார். மேடம், அது ஆரோக்கியம் சம்பந்தமா என்றான். திறங்களேன் என்றார். திறந்தான். மொத்தத்தையும் அவசரமில்லாமல் படித்தார், பக்கத்தில் இருந்த டேக்குகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார், படிக்கப் படிக்க அவர் முகத்தில் இருந்த மரியாதைச் சிரிப்பு போய்விட்டது. யார் முதல்ல சேர்த்தது என்று கேட்டார். அது திரையிலேயே இருந்தது. நீக்கப்பட்ட உறுப்பினர். நீக்கியவர், நிர்வாகி தவசிலிங்கம், இன்று 10.51.

ஏன் நீக்கினீங்க என்று கேட்டார். டெக்னிக்கல் பிரச்சினை மேடம் என்றான். தண்ணீர் பாட்டிலோடு அவன் பக்கத்தில் வந்து நின்ற பிலோமினா, அவனைப் பார்க்காமல், அந்த அம்மாவைப் பார்த்துச் சொன்னாள்.

“பிரச்சினையெல்லாம் இல்ல மேடம். அவங்க சாரோட வீட்டம்மா. எல்லாருக்கும் தெரியும்னு போன வாரம் அவங்ககிட்ட நான்தான் போய்ச் சொன்னேன். தெரிஞ்சேதான் மேடம் இன்னிக்கும் ஒட்டியிருக்காங்க. தூத்துக்குடி பஸ்ல போகல.”

தெரிந்தேதான். அவனைப் பஸ் ஸ்டாண்டுக்கு அனுப்புவதற்கு. அவன் யோசிக்கவில்லை, அதற்கு யோசனை எப்போதும் தேவைப்பட்டதில்லை. பத்தொன்பது வருஷமாகக் கதவைச் சாத்திய பிறகு மட்டுமே எழுந்த கை, சாத்தாத கதவுக்கு முன்னால், ஐந்து பேருக்கும் பிரின்சிபாலுக்கும் முன்னால், பிலோமினாவின் முகத்துக்கு நேராக எழுந்தது. அவள் அலறவில்லை. பாட்டிலைக் கீழே போட்டுவிட்டு, தலையைக் குனிந்து, இடது முழங்கையால் காதையும் வலது கையால் பிடரியையும் சட்டென்று மூடிக்கொண்டாள். கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றுகூடத் தவறாமல் எல்லாம் அந்தந்த இடத்துக்குப் போய்விட்டது. அடி எங்கே விழும் என்று நன்றாகத் தெரிந்த உடம்பு. தினமும் வாசலில் பைக்கோடு நிற்கிற ஆள், தங்கமான மனுஷன் என்று அவனுக்கு ஞாபகம் வந்தது.

“கையை இறக்குங்க” என்றார் அந்த அம்மா. அவர் சத்தம் போடவில்லை. தவசிலிங்கம் தன் கையை நிமிர்ந்து பார்த்தான், எல்லாரும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உருண்டுபோன பாட்டிலை யாரும் எடுக்கவில்லை. பிலோமினா இன்னும் காதை மூடிக்கொண்டு குனிந்தே நின்றிருந்தாள்.